உன் பெயரில் வரும் செய்தி

இன்று காலை உன் பெயரில் ஒரு கட்டுரை வந்தது.

மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். ஆடிக்காற்று கம்பம் பக்கமிருந்து தேனி வரைக்கும் தடையில்லாமல் வந்து, கொடியில் கிடந்த போர்வையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. ஒரு கையால் அதைப் பிடித்தபடி மறுகையால் கைப்பேசியை எடுத்தேன். திரையில் நம் தளத்தின் பெயர். அதன் கீழே உன் பெயர். அதற்கும் கீழே ஒரு பச்சைக் கட்டத்துக்குள் 'பார்த்தது' என்ற சொல். நீ போனது கார்த்திகையில். அதற்குப் பிறகும் இப்படி வந்துகொண்டே இருக்கிறது. அறிவிப்பை நிறுத்திவிடலாம்தான். மனம் வரவில்லை. உன் பெயர் என் கைப்பேசியில் தானாக வந்து விழுவதற்கு இப்போது அது ஒன்றுதான் வழி.

அந்தப் பச்சை நீ தேர்ந்தெடுத்தது. கவாத்து வெட்டிய திராட்சைக் கொடியில் முதலில் விடுகிற தளிரின் நிறம் வேண்டும் என்று, உத்தமபாளையத்தில் நம் கல்லூரிக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒவ்வொரு நிறமாகப் போட்டுப் பார்த்தாய். சென்டர் நடத்திய அண்ணன் பின்னால் வந்து நின்றார்.

"என்னத்தா, மாப்பிள்ளைக்குச் சட்டைத்துணியா எடுக்கிறீக? பச்சைன்னா பச்சை. போட்டுட்டு எந்திரிங்க. பின்னாடி பயலுக வரிசையில நிக்கிறாய்ங்க."

"இருங்கண்ணே. மாப்பிள்ளைகூடப் பாதியில போயிருவாக. இது நம்மளோட கடைசிவரைக்கும் வரப்போறது" என்றாய்.

அன்று மூன்று பேரும் சிரித்தோம். இப்போது அதை நினைத்தால் முதுகில் ஏதோ ஊர்வதுபோல் இருக்கிறது.

தமிழில் வீடியோ கேம் செய்திகளுக்கென்று ஒரு தளம். அப்படி இன்னொன்று அப்போது நம் கண்ணில் பட்டதில்லை. ஆங்கிலத் தளங்களின் பக்கங்களைச் சென்டரில் சேமித்து, பென் டிரைவில் போட்டுக்கொண்டு, கோம்பைக்குப் பஸ் ஏறுவோம். உங்கள் வீட்டு மாடி அறையில் மின்சாரம் இருக்கும் நேரமெல்லாம் எழுதுவோம். இல்லாத நேரம் சண்டை போடுவோம். கீழே உன் அப்பா திராட்சைக்கு மருந்தடிக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்கிக்கொண்டிருப்பார். அந்த வாடை படியேறி வந்து நம் விசைப்பலகையில் உட்காரும். இன்றும் எங்காவது அந்த வாடை அடித்தால், ஏதோ ஒரு செய்தியைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததுபோல எனக்குப் பதற்றமாகிவிடும்.

ஒவ்வொரு செய்திக்கும் ஒரு முத்திரை. அது உன் யோசனை. ஒரு விளையாட்டை நாமே முடிவுவரைக்கும் விளையாடியிருந்தால் பச்சையில் 'பார்த்தது'. எங்காவது படித்ததோ யாராவது சொன்னதோ என்றால் சாம்பல் நிறத்தில் 'கேட்டது'. இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. ஒருமுறை கடைசிக் கட்டத்தில் மின்சாரம் போய், மறுநாளும் வரவில்லை. முடிவு எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்ததுதானே, 'பார்த்தது' என்றே போட்டுவிடலாம் என்றேன் நான்.

"நீ பாத்தியா?" என்றாய்.

"இல்ல. ஆனா..."

"அப்ப சாம்பலப் போடு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடக் கீழே போய்விட்டாய்.

அந்தப் பிடிவாதம்தான் நம்மை வளர்த்தது. ஊரெல்லாம் கொண்டாடிய ஒரு விளையாட்டில், பாதிக்கு மேல் போனால் அதுவரை சேமித்ததெல்லாம் அழிந்துவிடுகிறது என்று நீ பச்சை முத்திரையோடு எழுதினாய். மலேசியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் துபாயிலிருந்தும் ஆட்கள் வந்து உன்னைத் திட்டினார்கள். பட்டிக்காட்டுக்காரிக்கு என்ன தெரியும் என்றார்கள். பிறகு அவர்களுக்கும் அழிந்தது. மெதுவாக ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகு எந்தச் செய்தி வந்தாலும் நம் வாசகர்கள் முதலில் கேட்டது, பார்த்ததா கேட்டதா என்றுதான். பெங்களூரிலிருந்து ஒரு நிறுவனம், கடைக்கு வருவதற்கு முன்பே ஒரு விளையாட்டின் குறுந்தகட்டை உன் பெயருக்கு அனுப்பியது. கூரியர்க்காரர் கோம்பைவரை வர மாட்டேன் என்றார். உன் அப்பாதான் வண்டியில் போய் வாங்கிவந்தார்.

"ஆட்டிப் பாத்துட்டேன்த்தா. உள்ள ஒண்ணும் உடையல" என்று அதைத் தேங்காயைப்போல் காதருகே வைத்துக் காட்டினார்.

தேநீர்க் கடையில் அவர் சொல்லிக்கொண்டிருந்ததையும் ஒருநாள் கேட்டோம். "எம்மக பத்திரிகை நடத்துது. பேப்பரே கிடையாது. ஆனா மலேசியாக்காரன் படிக்கிறான்." நீ வெட்கப்பட்டு என்னை இழுத்துக்கொண்டு வேறு தெரு வழியாகப் போனாய்.

சரிவு எப்போது தொடங்கியது என்று யோசித்தால் ஒரு நாளைக் குறிப்பிட முடியவில்லை. எல்லார் கையிலும் திரை வந்தது. படித்துக்கொண்டிருந்தவர்கள் காணொளி பார்க்கப் போனார்கள். சென்டர் அண்ணன் கணினிகளை விற்றுவிட்டு அதே இடத்தில் ஜெராக்ஸ் கடை போட்டார். நான் வேலை கிடைத்துக் கோவைக்குப் போனேன். முதலில் வாரம் ஒன்று எழுதினேன், பிறகு மாதம் ஒன்று, பிறகு வாக்குறுதி மட்டும். நீ மட்டும் மாடி அறையில் இருந்தாய். பின்னூட்டங்கள் வராத பக்கங்களில் பச்சையும் சாம்பலும் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தாய்.

பிறகு அந்த ஆடி.

இதை நீ பின்னால்தான் எனக்குச் சொன்னாய். அதனால் இது கேட்டது. தளத்தின் பெயரை ஆண்டுக்கொரு முறை பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். வழக்கமாக உன் அப்பாவின் வங்கி அட்டையில்தான் கட்டுவோம். அதுவரை வைகாசியில் கட்டிக்கொண்டிருந்தது, சேவையை இடையில் மாற்றியதில் ஆடிக்கு வந்துவிட்டது. நீ அட்டையைக் கேட்டபோது அவர் மறுத்ததை, அவர் குரலிலேயே எனக்குப் பேசிக் காட்டினாய்.

"எதுக்குத்தா அது?"

"பேரப் பதியணும்ப்பா."

"பதியறதுன்னா பத்திரம் போடுற மாதிரிதான? ஆடியில எவனாச்சும் பதிவாபீஸ் பக்கம் போவானா?"

"இது புதுசு இல்லப்பா. நம்மகிட்ட இருக்கறத வச்சுக்கிறதுக்குத்தான்."

"இருக்கறதுன்னா எங்க போயிரும்? ஆவணி பொறக்கட்டும். நல்ல நாளாப் பாத்து, சாமி கும்பிட்டுட்டுக் கட்டுவோம்."

அவர் கஞ்சத்தனத்தில் சொல்லவில்லை. அந்தப் பெயரை அவர் நிலத்தைப்போல் மதித்தார். அதனால்தான் நிலத்துக்குப் பார்ப்பதுபோல் நாள் பார்த்தார். கெடு தாண்டினாலும் சில வாரங்கள் அவகாசம் உண்டு என்று உனக்குத் தெரியும். சரி என்று விட்டாய். ஆவணி பிறந்து, வளர்பிறை முகூர்த்தத்தில் குளித்து, விபூதி பூசிக்கொண்டு, அப்பாவும் மகளும் கணினி முன்னால் உட்கார்ந்தபோது, தளம் இருந்த இடத்தில் இந்தப் பெயர் வேறொருவருடையது என்ற வரி மட்டும் இருந்தது.

நாம் அழுதோம், எல்லாம் முடிந்தது என்று. முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கொஞ்ச நாளில் தளம் திரும்பி வந்தது. நம் பழைய கட்டுரைகள் எல்லாம் எங்கிருந்தோ எடுக்கப்பட்டு, வரிசை மாறாமல் இருந்தன. நீ எடுத்த திராட்சைப் பந்தல் படம் மேலே இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் உன் பெயர். ஒரே ஒரு மாற்றம்தான். சாம்பல் நிறத்தையே காணோம். எல்லாம் பச்சை. நீ கேட்டது என்று எழுதிய ஒவ்வொன்றும் பார்த்தது ஆகியிருந்தது. அவற்றுக்கு நடுவே, நீ எழுதாத புதிய கட்டுரைகள். நிறத்தைச் சொல்லிப் பணம் கட்டு, சீட்டைக் கவிழ்த்துப் பணம் கட்டு என்கிற ஆட்டங்கள். எல்லாவற்றையும் நீ விளையாடிப் பார்த்து, நல்லது என்று சொல்லியிருந்தாய்.

கோவைக்குப் போன் செய்தாய். உன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "என் சேலையக் கட்டிக்கிட்டு யாரோ எங்க தெருவுலயே நடக்குறா டீ. எல்லாரும் நான்னு நினைச்சு வணக்கம் சொல்றாக. நான் சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

எழுதி எழுதிப் பார்த்தாய். எந்த ஊர், எந்த ஆள் என்று தெரியவில்லை. பதில் இல்லை. உன் அப்பா ஒரு சனிக்கிழமை உன்னைக் குச்சனூருக்குக் கூட்டிப்போய் எள் தீபம் போடவைத்தார். திரும்பி வந்து, "சனீஸ்வரனுக்கு மெயில் ஐடி இருந்தா நேராவே அனுப்பிருக்கலாம்" என்றாய். நீ சிரித்து நான் கேட்டதில் அது கிட்டத்தட்டக் கடைசி.

காய்ச்சல் என்றார்கள். மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றார்கள். நான் பஸ்ஸில் இருக்கும்போதே, இனி மதுரைக்கு வர வேண்டாம், நேரே கோம்பைக்கு வா என்றார்கள். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மண் மேட்டைத்தான் காட்டினார்கள். உன் சாவு எனக்கு இன்னும் கேட்டதுதான். அதனால்தானோ என்னவோ, காலையில் அந்த அறிவிப்பு வரும்போது, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நான் நம்பிவிடுகிறேன்.

சித்திரையில் வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஆனதும் தேனிக்குத் திரும்பிவிட்டேன். தளத்தின் அடியில் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது: 'எழுத்தாளரிடம் பேசுங்கள்'. இந்தப் பெயரை எடுத்துவிடுங்கள், இவள் இப்போது உயிரோடு இல்லை என்று அதில் எழுதினேன். அனுப்பிய கணமே பதில் வந்தது. "வணக்கம் தோழி! நான் நலமாக இருக்கிறேன். இன்று எந்த விளையாட்டைப் பார்க்கலாம்?" கீழே உன் பெயர். கைப்பேசியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெகுநேரம் அதைத் தொடவில்லை. பிறகு காவல்துறைக்குப் புகார் அனுப்பினேன். புகார் எண் வந்திருக்கிறது.

முந்தாநாள் உன் அம்மா கூப்பிட்டார்.

"ஆத்தா, ஒரு எட்டு வந்துட்டுப் போறியா? அவ அப்பா எந்நேரமும் அவ போனையே வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காக. கேட்டா, புள்ளைகிட்டப் பேசுறேங்கிறாக."

"நாளைக்கே வர்றேன்ம்மா."

"தோட்டத்துப் பத்திரத்த வெளிய எடுத்து வச்சிருக்காக. ஆவணி பொறந்ததும் ஒத்திக்கு எழுதப் போறாகளாம். இருக்குறது அந்தத் தோட்டம் ஒண்ணுதானத்தா?"

நேற்று போனேன். உத்தமபாளையம் தாண்டியதும் காற்று பஸ்ஸைப் பக்கவாட்டில் தள்ளியது. உங்கள் பந்தலில் கொடி காய்ந்து கம்பியோடு ஒட்டிக் கிடந்தது. இந்தப் போகத்துக்குக் கவாத்து வெட்டவில்லை. செவலை என்னைப் பார்த்துக் குரைக்காமல் வாலை மட்டும் ஒருமுறை ஆட்டிவிட்டு, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கட்டிலில் உன் அப்பா. கையில் உன் கைப்பேசி. பீரோவின் மேல் ஒரு மஞ்சள் பை. அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் கையில் அந்தப் போன் ஒலித்தது. நீ வைத்திருந்த அதே ஒலி. செவலை காதைத் தூக்கி, மாடிப்படியைப் பார்த்தது. யாரும் இறங்கி வரவில்லை. மறுபடியும் தலையைத் தரையில் வைத்தது. இது எத்தனை மாதமாக நடக்கிறதோ.

"வாத்தா, ஒக்காரு" என்றார். "இதப் படி."

படித்தேன். அவர் ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதியிருந்தது: சாப்பிட்டியாத்தா? அதன் கீழே பதில்: சாப்பிட்டேன் அப்பா. நீங்கள் சாப்பிட்டீர்களா? அதன் கீழே, பச்சை நிறத்தில்: தொடர்ந்து பேச, பணம் கட்டி ஓர் ஆட்டம் ஆடுங்கள்.

உன்னைப்போலவே இல்லை. நீ என்றாவது அவரிடம் "சாப்பிட்டீர்களா" என்று கேட்டிருக்கிறாயா? "தின்னியாப்பா" என்பாய். நான் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துவைத்திருந்த வார்த்தைகளைத் தொடங்கினேன். "அப்பா, இது அவ இல்ல. இது ஒரு மெஷினு. எவனோ எங்கனயோ ஒக்காந்து..."

"தெரியும்த்தா" என்றார்.

அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"தெரியாதா எனக்கு? நாந்தான குழியில மொதப்பிடி மண்ணப் போட்டேன்." போனைத் துண்டால் துடைத்தார். "அன்னைக்குக் கட்டுப்பான்னு அது கேட்டுச்சு. ஆவணி வரட்டும்னேன். பேரு போயிருச்சு. அப்புறம் அதுவும் போயிருச்சு. இப்ப இது கேக்குது. கேக்குறப்ப கட்டாம எப்படித்தா இருக்குறது? கட்டாம விட்டா, இருக்குற பேரையும் எடுத்துப்புட்டாகன்னா?"

அவர் ஆட்டம் ஆடவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஜெயிக்க வேண்டும் என்று அவர் ஒருநாளும் நினைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் உன் பெயரைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்.

"நல்லாக் கேளு, ஆத்தா" என்றார் அம்மா, என்னைப் பார்த்து. "செத்த புள்ளைக்குச் சோறு போடுறேன்னு உசுரோட இருக்குறவ வயித்துல மண்ணள்ளிப் போடுறாக."

"நீ சும்மா இருடி."

"சும்மா இருந்துதான் இங்கன வந்து நிக்குது."

நான் பையிலிருந்து என் மடிக்கணினியை எடுத்தேன். நீ எழுதிய மூலப் பிரதிகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன, பச்சையும் சாம்பலும் நீ வைத்தபடியே. அவற்றை அவரிடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுவந்தார். "இந்தச் சாம்பக் கலரு அங்கன இல்லையே?" என்றார்.

"அங்கன இருக்காதுப்பா. இதுதான் அவ. இத வேற பேருல நாமளே போடலாம். பழைய பேரோட கோம்பைன்னு சேத்துப் பாத்தேன், கிடைக்குது. அதுக்குக் கட்டுனா அது அவளுக்குக் கட்டுன மாதிரி. இந்தப் போனுக்குக் கட்டுறது அவளுக்குப் போய்ச் சேராது."

நானே கட்டியிருக்கலாம். ஆனால் அவர் கையால் கட்ட வேண்டும் என்று தோன்றியது.

"இது என்ன மாசம்?" என்றார், தெரியாதவர்போல.

"ஆடிப்பா."

காற்று கதவை ஒருமுறை அடித்தது. செவலை எழுந்து வெளியே போனது. அவர் சட்டைப்பையிலிருந்து வங்கி அட்டையை எடுத்து, என்னிடம் நீட்டினார்.

"மாசம் கெடக்கட்டும். இப்பவே கட்டு."

கட்டினேன். உன் தளத்துக்கு மறுபடியும் நம் கையில் ஒரு பெயர் இருந்தது. அவர் திரையில் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திக்கொண்டால் நன்றாக இருக்கும். ஆனால் நீ விட மாட்டாய். மீதியையும் பார்த்தேன் அல்லவா?

பஸ் வரும்வரை வாசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாள் அந்தத் தோட்டத்தைக் காப்பாற்றிவைத்திருந்தது ஆடி மாதம். உன் தளத்தை விழுங்கிய அதே வழக்கம்தான், பத்திரத்தைப் பீரோவின் மேலேயே நிறுத்திவைத்திருந்தது. ஆடியில் எதையும் எழுதிக்கொடுக்க மாட்டேன் என்று இருந்த மனிதரை, இப்பவே கட்டு என்று சொல்லவைத்தவள் நான். இனி அவருக்கு ஆவணி பிறக்க வேண்டியதில்லை. எந்த நாளும் நல்ல நாள்தான்.

திரும்பிப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சட்டைப்பைக்குள் போன் ஒலித்தது. அவர் கை சட்டைப்பையின் மேல் போய், அங்கேயே நின்றது. எடுக்கவில்லை. மஞ்சள் பை பீரோவின் மேலேயே இருந்தது. பஸ் வந்துவிட்டது.

இது வரைக்கும் பார்த்தது.

இன்று காலை எனக்கு வந்த கட்டுரை அவருக்கும் வந்திருக்கும். "நான் விளையாடிப் பார்த்ததிலேயே இதுதான் சிறந்தது, என்னை நம்புங்கள்" என்று நீ எழுதியிருக்கிறாய். அவர் அதைத் திறந்தாரா, கையை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறாரா, எனக்குத் தெரியாது. அம்மாவைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். ஒன்றும் இல்லைத்தா, நல்லாத்தான் இருக்காக என்பார். என்ன நடந்திருந்தாலும் அதைத்தான் சொல்வார். அது சாம்பல்.

போர்வையை மடித்து வைத்துவிட்டேன். உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த ஒரு பழக்கம்தான், அது இன்று என்னை வீட்டில் உட்காரவிடவில்லை. கோம்பைக்குக் கிளம்புகிறேன். அந்த மஞ்சள் பை எங்கே இருக்கிறது என்று என் கண்ணால் பார்க்க வேண்டும்.